ஒரு ஆளுக்கு ஒரு மேஜை

ஐம்பது வயது நிறைகிற அன்றைக்காவது உப்புப் போட்ட சாப்பாடு சாப்பிட்டே தீருவது என்று எலியேசர் முடிவு கட்டினார். அந்த முடிவை எடுத்தபோது, சிட்லபாக்கத்தில் தம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து உப்புமா தின்றுகொண்டிருந்தார். பெயரில் இருந்த உப்பு பண்டத்தில் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் டாக்டர் 'பிரஷர்' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அன்று சாயங்காலமே அவர் மனைவி யூனிஸ் உப்பு ஜாடியைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். பள்ளிக்கூட டீச்சர். சட்டம் போட்டால் போட்டதுதான். வருஷா வருஷம் அவர் பிறந்தநாளுக்குச் சபை ஐயர் வந்து நீளமாக ஜெபம் பண்ணுவார். மச்சினன் குடும்பத்தோடு வந்து இறங்குவான். கறிக்குழம்பு தெரு முழுக்க மணக்கும். விருந்தாளிகளுக்கென்று ஒரு கிண்ணத்தில் உப்பு கைமாறி வரும். எலியேசர் மூக்குக்கு நேரே வந்ததும், விருட்டென்று அவரைத் தாண்டிப் போய்விடும். சொந்தப் பிறந்தநாளில் அந்நியன் மாதிரி அவர் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எழும்பூரில் அவர் ஆபீசுக்குப் போகிற வழியில் ஒரு பழைய ருஷ்ய ஓட்டல் இருந்தது. நடத்துவது எப்போதோ கப்பலில் வந்து இறங்கிய ஒரு கிழட்டு ருஷ்ய அம்மாள். சிவப்பு வெல்வெட் திரை, சரவிளக்கு, வாசலிலேயே டீ கொதிக்கும் ஆளுயரப் பித்தளைப் பாத்திரம். பத்து வருஷமாக அந்தத் திரையின் இந்தப் பக்கமே நடந்துபோனவர், ஒரு திங்கட்கிழமை ஆபீஸ் டெலிபோனை எடுத்தார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு மேஜை வேணும்."

"எத்தனை பேர் சார்?"

எலியேசர் தொண்டையைக் கனைத்தார். "ஒரு ஆள்."

சொன்னதும் மனசில் ஏதோ சுருக்கென்றது. கறி நினைப்பு வந்ததும் சுருக்கு போய்விட்டது. கேட்ட விவரங்களையெல்லாம் மளமளவென்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

புதன்கிழமை வீட்டில் மெல்ல ஆரம்பித்தார்.

"வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல இன்ஸ்பெக்‌ஷன் யூனிஸ். வர எட்டு மணி ஆயிடும்."

"பொறந்தநாள் அன்னிக்கா?"

"இன்ஸ்பெக்‌ஷன் பண்றவனுக்கு என் பொறந்தநாள் தெரியுமா?"

"சரி, ஐயரை ஞாயித்துக்கிழமை வரச் சொல்லிடறேன். சாப்பாடு?"

"அங்கயே ஏதாவது வாங்கித் தருவாங்க."

"உப்பு பாத்துக்குங்க."

"சேச்சே!"

வாய்க்கு வாய் சண்டை பிடிக்கிற யூனிஸ் இவ்வளவு சீக்கிரம் சம்மதித்தது கர்த்தருடைய கிருபை என்று எலியேசர் எண்ணிக்கொண்டார். கிருபையை ஆராயக்கூடாது.

வெள்ளிக்கிழமை வெல்வெட் திரை விலகியது. தங்கச் சரிகை வைத்த கோட்டும் முறுக்கு மீசையுமாக ஒரு ஆள் குனிந்து வணங்கினார். ருஷ்யாவிலிருந்து இறக்குமதியானவர் என்று எலியேசர் பயந்தேபோனார்.

"வா சார், குந்து. எலியேசர் சார்தானே? நான் குப்புராஜ், சார். உன் மேஜைக்கு நான்தான்."

மேஜையில் பூ, வெள்ளித் தட்டு, எதிரே ஒரு காலி நாற்காலி. விருந்தாளிக்கு ரொட்டியும் உப்பும் வைத்து வரவேற்பது ருஷ்ய வழக்கம் என்று சோவியத் பத்திரிகையில் எலியேசர் படித்திருந்தார். ரொட்டி வந்தது. உப்பு வரவில்லை. பத்திரிகைக்காரன் எதைத்தான் உண்மையாக எழுதினான் என்று விட்டுவிட்டார்.

சிவப்பாக பீட்ரூட் சூப் வந்தது. ஒரு ஸ்பூன் வாயில் வைத்தார். கண்ணை மூடினார். திறந்தார். இன்னொரு ஸ்பூன். சந்தேகமே இல்லை, சிட்லபாக்கத்து ருசி.

"குப்புராஜ், கொஞ்சம் உப்பு..."

குப்புராஜ் பதறிப்போனார். "இன்னா சார், படிச்சவரு மாரி கீறீங்க! இது ருஷ்யாக்காரன் சாப்பாடு சார். உப்பு கேட்டா உள்ள அந்தம்மா கோச்சிக்கும்."

"தெரியும், தெரியும். சும்மா கேட்டேன்."

கொழுக்கட்டை மாதிரி மாவுக்குள் கறி வைத்து அவித்தது வந்தது. உப்பில்லை. வெட்டினால் வெண்ணெய் ஒழுகுகிற கோழி வந்தது. அதிலும் இல்லை. பக்கத்து மேஜை மனிதர் வெள்ளரிக்காய்த் துண்டுகள்மேல் ஒரு சின்னக் கிண்ணத்திலிருந்து வெள்ளையாக எதையோ கிள்ளித் தூவுவது தெரிந்தது.

"அது என்ன குப்புராஜ்?"

"சர்க்கரை சார்."

வெள்ளரிக்காய்க்குச் சர்க்கரை தொட்டுக்கொள்கிற ஜாதி என்றால் எதையும் செய்யும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். இங்கே வெள்ளித் தட்டிலே. மானம் போகக்கூடாதே என்று, ஒவ்வொரு தட்டுக்கும் "பிரமாதம்" என்றார் எலியேசர்.

கோழி பாதியில் நின்றது. எதிரே இருந்த காலி நாற்காலியை அவர் அப்போதுதான் நன்றாகப் பார்த்தார். யூனிஸ் இருந்தால் இந்தச் சூப்பைப் பார்த்து என்னவெல்லாம் கேலி பண்ணியிருப்பாள்! சிரிக்கக்கூட ஆளில்லாமல் என்ன விருந்து இது? வீட்டில் பிறந்தநாளுக்குக் கைமாறி வரும் அந்த உப்புக் கிண்ணம் நினைவுக்கு வந்தது. அது தம்மைத் தாண்டி எங்கே போனது என்று பார்த்தாரே தவிர, பக்கத்தில் உட்கார்ந்திருந்த யூனிஸையும் தாண்டித்தான் போனது என்பதை அவர் ஒரு நாளும் கவனிக்கவில்லை. ஒரே சட்டி, ஒரே சோறு. பிரஷர் அவருக்கு, இரண்டு வருஷமாக அவளும் உப்பில்லாமல்தான் தின்றுகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. அவளிடம் பொய் சொல்லிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருப்பதை நினைத்து எலியேசருக்கு வெட்கமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். குப்புராஜ் காரம் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றினார்.

சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி, வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். யூனிஸ் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"யூனிஸ், ஆபீஸ்ல இன்ஸ்பெக்‌ஷன் எதுவும் இல்லை. நான் பொய் சொன்னேன்."

"தெரியும்."

"எழும்பூர்ல ருஷ்ய ஓட்டல்ல..."

"அதுவும் தெரியும். மேஜை உறுதிதானான்னு கேக்க செவ்வாய்க்கிழமை போன் பண்ணாங்க. நீங்க குடுத்தது பக்கத்து வீட்டு ராஜாராமன் சார் நம்பர்."

எலியேசர் தலையில் கை வைத்துக்கொண்டார். தெருவுக்கே ஒரே டெலிபோன் அது. பதினைந்து வருஷமாக யார் நம்பர் கேட்டாலும் அவர் வாய் அதைத்தான் ஒப்பிக்கும்.

"அவங்க வீட்டு பாலாம்பாள் மாமி ஓடி வந்து கூப்பிட்டாங்க. நான்தான் போய்ப் பேசினேன். 'ஒரு ஆளுக்குத்தானே?'ன்னு கேட்டாங்க. ஆமான்னு சொன்னேன்."

அந்த 'ஆமா'வுக்குப் பதில் அவள் இரண்டு திட்டு திட்டியிருக்கலாம். எலியேசருக்கு அது தேவலையாக இருந்திருக்கும்.

"தப்புதான் யூனிஸ். அங்க உக்காந்து உன்னைத்தான் நெனச்சுகிட்டிருந்தேன். நீயும் ரெண்டு வருஷமா உப்பில்லாம... எனக்கு உறைக்கவே இல்லை பாரு. அடுத்த வாரம் ரெண்டு பேருமா போவோம். அங்கயும் உப்பு இல்லைதான், ருஷ்யாக்காரங்க வழக்கமே அப்படியாம். இருந்தாலும் நீ பக்கத்துல இருந்தா..."

யூனிஸ் சிவப்பு மைப் பேனாவை மூடி வைத்தாள்.

"எதுக்குங்க வீணா? நேத்து மத்தியானம் அரை நாள் லீவு போட்டு, ஒரு ஆளுக்கு ஒரு மேஜைன்னு சொல்லி, நான் போய்ச் சாப்பிட்டுட்டேன். எல்லாத்துலயும் உப்பு அவ்வளவு கச்சிதம். உங்களுக்கு மட்டும் போட வேணாம்னு குப்புராஜ்கிட்ட சொல்லிட்டு வந்தேன்."