கதவு எண் 4/27, மாட்டுத்தொழுவம்

"மாட்டுத்தொழுவத்துக்கெல்லாம் குடிதண்ணிக் குழாய் குடுக்க முடியாது, அண்ணாச்சி. ரூல்ஸ்ல இடமில்ல."

பில் கலெக்டர் சோலைராஜ் இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டார். நத்தக்குளம் பேரூராட்சி அலுவலகத்தில் பிறப்புச் சான்றிதழுக்காகக் காத்துநின்ற மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

பூவனநாதன் குரலைத் தாழ்த்தினார். அது அவருக்குப் பழக்கமில்லாத காரியம்.

"அது தொழுவம் இல்ல வே. என் வீடு."

"எனக்குத் தெரியாதா? போன பொங்கலுக்கு உங்க வீட்லதான காப்பி குடிச்சேன்? எனக்குத் தெரியும் அண்ணாச்சி, நோட்டுக்குத் தெரியாதே."

சோலைராஜ் பெரிய பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். கதவு எண் 4/27. ஓலைக்கூரை மாட்டுத்தொழுவம். உரிமையாளர்: பூவனநாதன். வரி: தொழுவத்துக்கு உரியது.

அதை அப்படி எழுத வைத்தவரே பூவனநாதன்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், எண்பத்தாறில், வீட்டைக் கட்டி முடித்த கையோடு தெருப்பக்கம் ஓர் ஓலைச் சாய்ப்பை இறக்கினார். தெருவிலிருந்து பார்த்தால் சாய்ப்பு தெரியும், பின்னால் இருக்கும் காரை வீடு தெரியாது. வரி போட ஆள் வரும் நாளில் பக்கத்து வீட்டுக் கண்ணுசாமிக் கோனாரின் பசுவும் நாலு ஆடுகளும் சாய்ப்புக்கு வந்துவிடும். பூவனநாதன் கையில் ஒரு பிடி வைக்கோலோடு நிற்பார். அவர் மனைவி பொன்மணி உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு, வந்தவர் போகும்வரை மூச்சுக் காட்டாமல் இருக்க வேண்டும். தொழுவத்தில் மனுஷி இருமக் கூடாது அல்லவா?

ஒருமுறை தும்மிவிட்டாள். "பசுவுக்குச் சளி" என்று பூவனநாதன் சமாளித்தார்.

இந்தப் பூவனநாதன்தான் நத்தக்குளம் வரி செலுத்துவோர் நலச் சங்கத்தின் நிறுவனர், செயலாளர், ஒரே பேச்சாளர். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் கணக்குப்பிள்ளை உத்தியோகம். பஸ்ஸைவிட்டு இறங்கினால் டீக்கடை பெஞ்சில் பேச்சு. "வரி கொடாதவன் தெருவிளக்கின் கீழ் நடக்கவும் அருகதையற்றவன்!" என்பார். டீக்கடை அடைத்துவிட்டால் மிச்சப் பேச்சு வீட்டில் தொடரும். அங்கே கூட்டம் குறைவு, பொன்மணி ஒருத்திதான். ஆனால் பாதியில் எழுந்துபோக முடியாத கூட்டம்.

அந்தக் கூட்டமும் கலைந்து அன்றோடு முப்பத்தெட்டு நாள்.

"ரெண்டு தெரு தள்ளி அடிபம்பு. அடிச்சா உப்புத் தண்ணி. பருப்புகூட வேக மாட்டேங்கு. நான் எங்க ஊருக்குப் போறேன். வாசல்ல நல்ல தண்ணி வந்த பெறவு சொல்லி விடுங்க." ஒரு பையைத் தூக்கிக்கொண்டு, விளாத்திகுளம் பஸ்ஸில் ஏறி, பிறந்த ஊரான ஓடைக்கரைப்பட்டிக்குப் போய்விட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு பூவனநாதன் எட்டிப் பார்க்காத ஊர். பஸ்ஸில் இருபது நிமிஷம்தான். ஆனால் போய்க் கூப்பிடுவது ஒரு சங்கச் செயலாளருக்கு அழகா? குழாயோடு கூப்பிட்டால் அது வேறு.

வெள்ளிக்கிழமை தவறாமல் அவளுக்குக் கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்குவது பூவனநாதனின் வழக்கம். ஆள் இல்லாவிட்டாலும் கை வாங்கிவிடுகிறது. அலமாரியில் ஐந்து பாக்கெட் சேர்ந்துவிட்டன. அவருக்குக் கடைவாய்ப் பல் இல்லை. எறும்புகள்தான் நன்றாக இருந்தன.

*

சங்கத்தின் லெட்டர்பேடில் மனு போனது. 'மேற்படி கட்டடம் மனிதர் வாழும் இல்லமே என்பதை உடனடியாக நேரில் ஆய்ந்து பதிவேட்டைத் திருத்துக.' கீழே கையெழுத்து, அதன் கீழே முத்திரை, அதன் கீழே இன்னொரு கையெழுத்து.

எட்டாம் நாள் காலையில், புதிதாக வந்திருந்த செயல் அலுவலர் அம்மாவே நேரில் வந்துவிட்டார். கூட சோலைராஜ். பூவனநாதன் அந்த நேரம் பார்த்து முகச்சவரம் செய்துகொள்ளப் போயிருந்தார். ஆய்வுக்கு அழகாக நிற்க வேண்டாமா?

சேதி கேட்டுப் பாதிச் சவரத்தில் ஓடி வந்தால், சாய்ப்பில் பசு நிற்கிறது. நாலு ஆடும் நிற்கின்றன. தரையெல்லாம் புது வைக்கோல். கண்ணுசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வேலையை முடித்த பெருமையோடு நின்றிருந்தார்.

"ஆபீசர் வாராவன்னு கேள்விப்பட்டேன். நீங்க இல்லாட்டா என்ன, நான் இருக்கேன்லா அண்ணாச்சி!" என்று காதோடு சொன்னார். "சாணியும் போட்டாச்சு. அதுவா போட்டுட்டு. நேரம் நல்லாருக்கு."

பூவனநாதனுக்கு முகத்தில் பாதி நுரை காய்ந்திருந்தது.

"இதுதான் நீங்க சொன்ன வீடா?" என்றார் செயல் அலுவலர்.

"உள்ள வாங்க மேடம். இதெல்லாம் சும்மா. வெளித்தோற்றம்!"

உள்ளே போனார்கள். நடு அறையில் ஓர் ஆட்டுக்குட்டி சங்கத்தின் ஆண்டறிக்கையை மேய்ந்துகொண்டிருந்தது. அந்த அறிக்கையைக் கடைசிவரை விடாமல் பார்த்தது அது ஒன்றுதான். செயல் அலுவலர் அடுப்படியை எட்டிப் பார்த்தார். அடுப்பு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. பொன்மணி போனதிலிருந்து பூவனநாதனுக்குக் கோவில்பட்டியில் ஹோட்டல் சாப்பாடு.

"இங்க யார் குடியிருக்காங்க?"

"நானும் என் சம்சாரமும், மேடம்."

"அவங்களைக் கூப்பிடுங்க."

"ஊருக்குப் போயிருக்கா."

"எப்ப வருவாங்க?"

"குழாய் வந்ததும்."

"குடும்பம் குடியிருந்தாத்தான் குழாய்."

"குழாய் இருந்தாத்தான் மேடம் குடும்பம்."

செயல் அலுவலர் வாசலுக்கு வந்து அவரைப் பார்த்தார். பிறகு பசுவைப் பார்த்தார். பசு தன் வீட்டில் நிற்பதுபோல் நின்றது. அறிக்கையில் எழுதினார்: 'நேரில் ஆய்வு செய்யப்பட்டது. தொழுவம் என்பது உறுதி.'

அவர்கள் போன பிறகு கண்ணுசாமி கேட்டார். "என்ன அண்ணாச்சி, வரியைக் கூட்டலேல்லா?"

"இல்ல."

"பாத்தீயளா! நம்ம பசு கைவிடாது."

*

வேறு வழியில்லை. பூவனநாதன் பொன்மணிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருஷ தாம்பத்தியத்தில் முதல் கடிதம். மனுவைத் தவிர வேறெதுவும் எழுதித் தெரியாததால் அது மனுவாகவே வந்தது.

'பொருள்: குடிநீர் இணைப்பு, ஆய்வின்போது நேரில் ஆஜராவது தொடர்பாக. பார்வை: தாங்கள் கடந்த மாதம் வாய்மொழியாகத் தெரிவித்துச் சென்றது.'

மூன்றாம் பத்தியில் பேனா தானாகவே வேறொன்றை எழுதியது. 'வீடு வெறிச்சென்று இருக்கிறது. ராத்திரி இரண்டு பேருக்குப் பாய் விரித்துவிடுகிறேன், பிறகு ஒன்றைச் சுருட்டுகிறேன்.'

எழுதியதைப் படித்துப் பார்த்தார். இது பொருளில் வரவில்லை, பார்வையிலும் வரவில்லை. சுத்தமாக அடித்துவிட்டு, 'ஆவன செய்யவும்' என்று முடித்துத் தபாலில் போட்டார்.

பதில் கார்டில் வந்தது. 'முதலில் குழாய் வரட்டும்.'

அடித்ததை அவள் வெளிச்சத்தில் பிடித்துப் படித்திருப்பாளோ என்று கார்டை அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதில் அடித்தல் எதுவும் இல்லை.

மறுபடி பேரூராட்சி அலுவலகம்.

"ஒரு வழி இருக்கு அண்ணாச்சி," என்றார் சோலைராஜ். "வீடுன்னு ஒத்துக்கிட்டு எழுதிக் குடுங்க. ஆனா பன்னெண்டு வருஷ வரியையும் சேத்துக் கேப்பாவ."

"கேக்கட்டும் வே. குடுத்துருதேன்."

சோலைராஜுக்கே ஆச்சரியம். பூவனநாதன் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"குடுத்துருவீய. ஆனா வரி கொடாதவர் பேர்களை நோட்டீஸ் போர்டுல ஒட்டணும்னு போன வருஷம் மனு போட்டு ரூல்ஸ் வாங்கினது யாரு?"

சங்கச் செயலாளர் நோட்டீஸ் போர்டைத் திரும்பிப் பார்த்தார். ஒட்டப்படும் முதல் பெயர் கண்ணுக்குத் தெரிந்தது.

"அப்ப தண்ணிக்கு வழியே இல்லையா வே?"

சோலைராஜ் பேனாவால் காதைக் குடைந்தபடி யோசித்தார். "குழாய்க்கு இல்ல. தொட்டிக்கு உண்டு. கால்நடைக் குடிநீர்த் தொட்டித் திட்டம் வந்திருக்கு. நாலு வார்டுக்கு ஒண்ணு. தொழுவம்னு பதிஞ்ச எடத்துக்குத்தான் முதல்ல. நம்ம ஊர்ல ரெக்கார்டு சுத்தமா இருக்க தொழுவம் உங்களது ஒண்ணுதான். போன மாசம்தான் ஆய்வும் முடிஞ்சிருக்கு!"

"நான் என்ன மாடா வே?"

"தண்ணிக்குத் தெரியுமா அண்ணாச்சி, குடிக்கது யாருன்னு? நல்ல தண்ணி. வாசல்லயே விழும்."

பூவனநாதன் அன்று ராத்திரி ஒரு பாயை மட்டும் விரித்தார். காலையில் போய் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். அதில் அவரே தம் கையால் ஓர் உறுதிமொழி எழுத வேண்டியிருந்தது. 'மேற்படி இடத்தில் கால்நடைகள் தவிர மனிதர் எவரும் வசிக்கவில்லை.' பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிவந்த பொய், இந்த இரண்டு மாதத்தில் கிட்டத்தட்ட உண்மையாகிவிட்டது.

*

தொட்டி கட்ட வந்தவன் சுடலைக்கண்ணு. கொத்து வேலையும் தெரியும், குழாய் வேலையும் தெரியும். விளாத்திகுளம் பக்கத்திலிருந்து தினம் சைக்கிள் மிதித்து வருவான். திட்டத்தில் தொட்டியின் நீளம் இருபது அடி, பூவனநாதனின் வாசல் பதினெட்டு அடி. எனவே வீட்டுக்குள் போக அவர் தொட்டியைத் தாண்ட வேண்டியதாயிற்று. இனி வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு கால், பிறகு மறுகால்.

தண்ணீர் திறந்த அன்று ஊர் ஆடெல்லாம் வந்துவிட்டது. திறப்பு விழா என்று சொல்லியும் வரி செலுத்துவோர் நலச் சங்கத்திலிருந்து யாரும் வரவில்லை. பூவனநாதன் படியில் நின்று, "குடிநீர் என்பது பிறப்புரிமை" என்று ஆரம்பித்தார். முன்வரிசைச் செம்மறிகள் தலையைத் தூக்காமல் குடித்தன. பொன்மணி இருந்திருந்தால் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடியிருப்பாள். அந்த நினைப்பு வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. அவர் பேச்சு தானாக நின்றது அதுதான் முதல் தடவை.

"என்ன அண்ணாச்சி, நிறுத்திட்டிய?" என்றார் கண்ணுசாமி. "ஆடு கேட்டுட்டுத்தான இருக்கு."

ஆடுகள் போன பிறகு குழாயின் வாயிலேயே ஒரு சொம்பைப் பிடித்துக் குடித்துப் பார்த்தார். இனித்தது. நத்தக்குளத்தில் ஐம்பத்திரண்டு வருஷமாக இருக்கிறார், இப்படி ஒரு தண்ணீர் அவர் தொண்டையில் இறங்கியதில்லை. உள்ளே போய்ப் பொன்மணியின் பித்தளைக் குடத்தைப் புளி போட்டு விளக்கினார். நிறையப் பிடித்து, அடுப்படியில் அவள் வைக்கும் இடத்திலேயே வைத்தார். இரண்டு டம்ளர் துவரம்பருப்பை ஊறப்போட்டார். ஓர் ஆளுக்கு இரண்டு டம்ளர் பருப்பு எதற்கு என்று அவரையே அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

வாசலில் சுடலைக்கண்ணு கரண்டியைக் கழுவிச் சாக்குப்பையில் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஏலே சுடலை, நீ போற வழியிலதான ஓடைக்கரைப்பட்டி?"

"ஆமா அண்ணாச்சி. தெனம் காலையும் மாலையும் அந்த ரோட்லதான் போறேன், வாரேன். மதினியை அடிக்கடி பாக்கேன்லா."

இத்தனை நாளும் அவளை அடிக்கடி பார்க்கும் ஒருவன் பூவனநாதனின் வாசலில் சிமெண்டு குழைத்திருக்கிறான்!

தொட்டியை ஒரு காலால் தாண்டி, மறுகாலை வீட்டுப் பக்கமே வைத்தபடி நின்றார். "அப்ப ஒரு சேதி சொல்லிரு. சங்கம் கிங்கம்னு ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவ ஊர் மாதிரியே இங்கயும் வாசல்ல நல்ல தண்ணி வந்துட்டு, அதனால இனிமே ஒரு கொறையும் இல்ல, உடனே பொறப்பட்டு வரச் சொன்னேன்னு சொல்லு."

சுடலைக்கண்ணு சைக்கிளை நிறுத்திவிட்டு அவரை ஆச்சரியமாகப் பார்த்தான்.

"அந்த ஊர்ல ஏது அண்ணாச்சி தண்ணி? குழாயும் கிடையாது, பம்பும் கிடையாது, ஒண்ணரை மைல் நடந்து ஊருணிக்குப் போய்த்தான் மதினி தலையில ஒண்ணும் இடுப்புல ஒண்ணுமா எடுத்துட்டு வாராவ, ஆனா என்னமாச் சிரிச்சுப் பேசிக்கிட்டு வாராவங்கிய!"