செம்மறிப் பாறைக்குக் கிடைத்த அங்கீகாரம்

நெருப்பையும் சக்கரத்தையும் கண்டுபிடித்த பிறகு மனித குலம் உருப்படியாக எதையும் சாதிக்கவில்லை என்று சொல்பவர்கள், நெவாடா மாநிலத்தில் உள்ள கோல்டர் மாவட்டப் பூங்கா அலுவலகத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள். நாலாயிரம் வருஷமாக மதிப்பெண் எதுவும் இல்லாமல் பாலைவனத்தில் கிடந்த பாறைச் செதுக்கல்களைப் ‘பாஸ்’ பண்ண வைத்த பெருமை அந்த அலுவலகத்தையே சேரும்.

பாதைகள் பிரிவின் அதிகாரி வெண்டெல் கிராஃப்ட், பாலைவனத்தைப் பதினொரு வருஷமாக ஜன்னல் வழியே கூர்ந்து கவனித்து வருபவர். அந்தச் செதுக்கல்கள் இருக்கும் செம்மறிப் பாறைக்கு அவர் ஒரு தடவையும் போனதில்லை. நேரில் பார்த்தால் நடுநிலை கெட்டுவிடும் என்று நினைத்தார்.

ஒரு திங்கட்கிழமை, இணையத்தில் பாறைக்குப் போகும் பாதையின் மதிப்பெண் இரண்டு நட்சத்திரத்துக்கு இறங்கியது. உடனே ‘அவசரக் கூட்டம்’ கூடியது. கூடியவர்கள் இரண்டு பேர். ஒருவர் வெண்டெல். மற்றவர் பயூட் என்ற பூர்வகுடி மக்களின் பிரதிநிதி வெர்னா சாம். அந்தப் பாறைகளைச் செதுக்கியவர்களின் வழியில் வந்தவர் என்பதால், அலுவலகம் அவருக்குக் ‘கலாசார ஆலோசகர்’ என்ற பதவி கொடுத்து, வருஷத்துக்கு இரண்டு முறை அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டு வந்தது.

“நெலமை மோசம், வெர்னா. இதைக் கேளுங்க. ‘வேகாத வெயில்ல ஒரு மைல் நடந்தோம். வெறும் கல்லு. ஒரு நட்சத்திரம்.’”

“கல்லுலதானே செதுக்க முடியும். தண்ணியிலயா செதுக்குவாங்க?”

“இன்னொருத்தர் எழுதியிருக்கார், ‘ஆடு ஆடு மாதிரியே இல்ல’ன்னு.”

“செதுக்கினவங்க இப்ப ஊர்ல இல்ல. வந்தா சொல்றேன்.”

வெண்டெல் குறிப்பேட்டில் எழுதினார்: ‘கலைஞர்களைத் தொடர்புகொள்ளும் முயற்சி நடைபெற்று வருகிறது.’

சீர்திருத்தம் தொடங்கியது. நிழல் இல்லை என்றார்கள், பந்தல் போட்டார். உட்கார இடம் இல்லை என்றார்கள், பெஞ்சு போட்டார். பல்லி முறைத்துப் பார்க்கிறது என்று ஒரு குடும்பம் எழுதியது. ‘பல்லிகள் முறைக்கக்கூடும்’ என்று பலகை வைத்தார். மதிப்பெண் இரண்டரைக்கு மேல் ஏற மறுத்தது. கடைசியில் படமெடுக்கும் அன்பர்கள் ஒன்று திரண்டு, கோடுகள் மங்கலாக இருப்பதாகப் புகார் கொடுத்தார்கள்.

“கோடுகளுக்குள்ள வெள்ளைப் பெயிண்ட் அடிச்சுடலாம்னு இருக்கேன்” என்றார் வெண்டெல். “நல்ல பெயிண்ட்தான்.”

வெர்னா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

“அந்தக் கல்லுல பிரஷ் பட்டுச்சுன்னா, எங்க ஜனம் மொத்தமும் உன் ஆபீஸ் வாசல்ல வந்து உக்காரும். சோறு கட்டிக்கிட்டு வருவோம். எந்திரிக்க மாட்டோம்.”

வாசலில் கார் நிறுத்தும் இடம் எட்டுதான். வெண்டெல் யோசித்தார்.

“அப்ப நீங்களே ஒரு வழி சொல்லுங்க.”

“பாதை ரெண்டாப் பிரியுற எடத்துல அம்புக்குறிப் பலகை இருக்கில்ல? அதை இடப்பக்கம் திருப்பி வை. கால் மைல்ல ஒரு மேடு வரும். நல்ல காத்து. பக்கத்துலயே கக்கூஸ்.”

“அங்க செதுக்கல் ஒண்ணும் இல்லையே!”

“அதனாலதான் அது நல்லா இல்லைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க.”

பலகை திரும்பியது. பாராட்டு மழை பொழிந்தது. ‘செதுக்கல் கண்ணில் படவில்லை, ஆனால் மனசுக்கு நிம்மதி. ஐந்து நட்சத்திரம்.’ ‘இவ்வளவு சுத்தமான தொன்மையான கழிப்பறையைப் பார்த்ததே இல்லை.’ மூன்றே மாதத்தில் மாநிலத்தின் ‘தலைசிறந்த தொல்கலைப் பாதை’ விருது கிடைத்தது. வலப்பக்கப் பாதையில் புதர் மண்டியது. வெர்னா மாதம் ஒரு முறை அங்கே போய், யாருடைய காலடியும் இல்லாததைப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகத் திரும்பினார்.

விருது விழாவில் ஒரு சின்னச் சங்கடம் நேர்ந்தது. கவர்னர் அலுவலகத்துப் பெண்மணி ஒருத்தி, “அந்தச் செதுக்கலெல்லாம் பார்க்க எப்படி இருக்கும்?” என்று வெண்டெலிடம் கேட்டுவிட்டாள். அவர் வாயில் கேக் இருந்ததால் தப்பித்தார். ஆனால் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. ஒரு வாரம் கழித்து வெர்னாவிடம் போய் நின்றார்.

“ஒரே ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க. யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்.”

வெர்னா அவரை மேலும் கீழும் பார்த்தார். “போனை வண்டியிலேயே வெச்சுட்டு வா.”

விடிந்ததும் நடந்தார்கள். ஒரு மைல். வெண்டெலுக்கு மூச்சு வாங்கியது. புது ஷூ கடித்தது. பள்ளத்தாக்கு வளைந்த இடத்தில் வெர்னா நின்றார். சாய்ந்த வெயில் கரும்பாறையில் படப்பட, ஒரு கொம்பு தெரிந்தது, பிறகு இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முப்பது நாற்பது செம்மறிகள் பாறை முழுக்க மேலேறின. தாயை ஒட்டி ஒரு குட்டி, ஒரு காலைத் தூக்கியபடி.

வெண்டெல் தொப்பியைக் கழற்றினார். கண்ணில் நீர் வந்தது. அது நிஜமான கண்ணீர்தான். கதை சொல்பவன் அதில் கைவைக்கவில்லை.

“இதுக்கு என்ன அர்த்தம், வெர்னா?”

“தெரிஞ்சா உனக்குச் சொல்லியாகணுமா?”

“வேண்டாம்” என்றார் வெண்டெல். பதினொரு வருஷத்தில் அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. வெர்னாவுக்கே அவர்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. திரும்பும் வழியில் தன் தண்ணீர் புட்டியை நீட்டினார்.

வெண்டெல் வாக்குத் தவறாதவர். வீடு போய்ச் சேரும்வரை யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போனதும், நெஞ்சு நிறைந்து வழிய, உட்கார்ந்து இணையத்தில் எழுதினார்: ‘வாழ்க்கையையே மாற்றிவிட்டது. பலகையை நம்பாதீர்கள், வலப்பக்கம் திரும்பி ஒரு மைல் நடங்கள். தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள். ஐந்து நட்சத்திரம்.’

சனிக்கிழமை மதியத்துக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், யாரிடமும் சொல்லாமல், வந்து சேர்ந்தார்கள். எல்லோரும் நெகிழ்ந்தார்கள். சிலர் தங்கள் பெயரைப் பாறையில் பதித்து நன்றி தெரிவித்தார்கள். ஒருவர் அந்தக் குட்டியை மட்டும் உளியால் பெயர்த்து, துண்டில் பத்திரமாகச் சுற்றி எடுத்துப்போனார்.

நாலாயிரம் வருஷத்து வெயிலும் வெள்ளமும் முட்டிமோதியும் முடியாததை வெண்டெல் கிராஃப்ட் ஒரே வாரத்தில், அதுவும் அன்பினாலேயே, செய்து முடித்தார்.