இருநூற்று நாற்பத்தோராம் கட்டை

நவம்பர் பன்னிரண்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி நாற்பத்திரண்டு நிமிடம். மழை. பெருமழை இல்லை, குடைக்குள்ளும் நனைக்கிற சாய்வு மழை. அந்த நேரத்தில் நான் ரயில் பாதையின் நடுவில் நின்று, இருக்கவேண்டிய இடத்தில் இல்லாத இரண்டு கிளிப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். ரயில் பாதையில் நடப்பது சட்டப்படி பிழை. எனக்கு அது இரட்டைப் பிழை. மருதனார்மடத்துக்குக் கிட்ட, எங்கள் ஒழுங்கையைக் கடந்து போகும் அந்தப் பாதையைத் திருத்திக்கொண்டிருந்த கம்பனியின் மேற்பார்வையாளர் என் சொந்த மருமகன் கஜன். மகள் வதனியோடு எங்கள் வீட்டில்தான் இருந்தார். "மாமா, லைனிலை மட்டும் நடக்காதேங்கோ. நான் வேலையாக்களுக்குப் பாதுகாப்பைப் பற்றிக் கத்திக்கொண்டு நிக்க, நீங்கள் நடுவாலை நடந்து வாறியள்" என்று இரண்டு முறை சொல்லியிருந்தார். (மூன்று முறை. ஒன்றை நான் கணக்கில் எடுக்கவில்லை.)

என்ன செய்வது, எண்ணாமல் எனக்கு நடக்க வராது. முப்பத்தாறு வருஷம் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைச் சரிபார்த்தவன். வெறும் வீதியில் எண்ணுவதற்கு என்ன இருக்கிறது? தண்டவாளத்திலோ இரண்டடிக்கு ஒரு சிலிப்பர் கட்டை குறுக்கே கிடக்கிறது. ஒழுங்கை பாதையைக் கடக்கும் ரயில்வே கேற்றடியில் தொடங்கி ஆயிரம் கட்டை போய், ஆயிரம் கட்டை திரும்பி வருவேன். ஒரு கட்டைக்கு நாலு கிளிப். தண்டவாளத்தைக் கட்டையோடு இறுக்கிப் பிடிக்கும் வளைந்த இரும்புகள் அவை. அன்று இருநூற்று நாற்பத்தோராம் கட்டையில் இரண்டுதான் இருந்தன. பக்கத்தில் வெண்கட்டியால் ஒரு கோடு. கள்ளன் அடையாளம் வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று முடிவு செய்தேன்.

நான் பதறியதற்குக் காரணம் இருந்தது. திருத்திய அந்தப் பாதைத் துண்டை ஒப்படைக்க அன்றுதான் கடைசி நாள். காலை எட்டு மணியிலிருந்து பதினொரு மணிவரை ரயிலை நிறுத்தி வழி தந்திருந்தார்கள். அதற்குள் ரயில்வேப் பரிசோதகர் வந்து பார்த்துக் கையொப்பம் வைக்கவேண்டும். வைத்தால், கம்பனி அடுத்த துண்டுக்கும் கஜனை இங்கேயே வைத்திருக்கும். வைக்காவிட்டால் நாட்டின் தென்முனைக்கு, மாத்தறைப் பக்கம் அனுப்பிவிடும். கஜன் போனால் வதனி போவாள். வதனி போனால் நாலு வயதுப் பேத்தியும் போய்விடுவாள்.

கஜனிடம் சொல்லலாம். ஆனால் "நீங்கள் அங்கை என்ன செய்தனீங்கள்?" என்று கேட்பாரே! ஆகவே பெயர் சொல்லாமல் ரயில் நிலையத்துக்குத் தொலைபேசி எடுப்பது என்று தீர்மானித்தேன். அவர்கள் வேலையாட்களுக்குச் சொல்வார்கள், பரிசோதகர் வருமுன் கிளிப்பை அடித்துவிடுவார்கள், என் பெயரும் வெளியே வராது. இதில் ஓட்டை எங்கே என்று இரண்டு தரம் யோசித்தேன். ஒன்றும் தெரியவில்லை.

மனைவிக்குக் கேட்கக்கூடாது என்று கிணற்றடித் தகரக் கொட்டிலுக்குள் போய் நின்றேன். தகரத்தில் மழை தவில் அடித்தது.

"தம்பி, றெயில் பாதையிலை ரெண்டு கிளிப் இல்லை!"

"எந்த இடம் ஐயா?"

"இருநூற்று நாப்பத்தோராம் கட்டை!"

"என்ன? எங்கையிருந்து?"

"கேற்றிலையிருந்து!"

"கோட்டையிலையிருந்துதானே?"

"ஓம் ஓம், கேற்றிலையிருந்துதான்!"

"வடிவாத் தெரியுமோ ஐயா?"

"மூண்டு தரம் எண்ணினனான்."

"ஐயா றெயில்வேயிலை வேலை செய்தனீங்களோ?"

"இல்லை, கூட்டுறவு."

"உங்கடை பேர்?"

"ஒரு பொதுமகன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அப்போது நடந்தது எனக்கு இரவுச் சாப்பாடு வரை விளங்கவில்லை. உங்களை அவ்வளவு நேரம் காக்கவைக்க மாட்டேன். எங்கள் ஊரில் கட்டை என்றால் மைலும்தான். 'நாலு கட்டை தூரம்' என்றால் நாலு மைல். ரயில்வேக்காரரோ மைலைக் கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து எண்ணுகிறவர்கள். நான் என் ஒழுங்கைக் கேற்றிலிருந்து இருநூற்று நாற்பத்தொரு சிலிப்பர் கட்டையைச் சொன்னேன். அந்தத் தம்பி கோட்டையிலிருந்து இருநூற்று நாற்பத்தொரு மைல் என்று எழுதினார். அது யாழ்ப்பாணத்துக்கு அந்தப் பக்கம், நாவற்குழியடி. கொழும்பு ரயில் ஓடுகிற பிரதான பாதை.

இது ஒன்றும் அறியாமல் பேத்தியைச் சைக்கிளில் நேர்சரியில் விட்டுவிட்டு, எட்டரைக்குக் கேற்றடியில் குடையோடு போய் நின்றேன். வேலையாட்கள் பதினெட்டுப் பேர். பதினேழு பேர் தேத்தண்ணி குடித்தார்கள். ஒன்பது பத்துக்கு இரண்டு பேர் மெல்ல நடந்து போய், அந்த இரண்டு கிளிப்பையும் அடித்து இறுக்கினார்கள். ஒரு பதற்றமும் இல்லை. என் தொலைபேசி வேலை செய்கிறது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. கஜனுக்குக் கை காட்டினேன். அவர் கைபேசியைப் பார்ப்பதும் பாதையைப் பார்ப்பதுமாக இருந்தார்.

பரிசோதகர் வரவில்லை. பத்து மணி. பத்தரை. பத்து ஐம்பது. எல்லாம் சரியாக இருக்கும்போது ஏன் வரவில்லை? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பதினொன்று ஏழுக்கு ரயில் ஊதிக்கொண்டு போனது. கஜன் தலைக்கவசத்தைக் கழற்றிக் கல்லின் மேல் வைத்துவிட்டு அதற்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டார்.

இரவு புட்டுக்கு முன்னால் இருந்துகொண்டு கஜன் சொன்னார்: "ஆரோ ஒரு விசர்க் கிழவன் மாமா. காலமை போன் எடுத்து இருநூற்று நாப்பத்தோராம் கட்டையிலை கிளிப் இல்லையெண்டு சொல்லியிருக்கிறான். பரிசோதகர் ட்ரொலியை எடுத்துக்கொண்டு நாவற்குழிக்குப் போட்டார். கொழும்பு றெயில் நாப்பது நிமிசம் மறிபட்டுது. ஒரு மைல் நீளத்துக்குக் குனிஞ்சு குனிஞ்சு பாத்தவையாம். எல்லாக் கிளிப்பும் இருந்ததாம்."

"எத்தினையாம் கட்டை?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"இருநூற்று நாப்பத்தொண்டு."

"சிலிப்பர் கட்டையோ, மைல் கட்டையோ?"

கஜனின் கை புட்டிலேயே நின்றது. மனைவி என் பக்கம் திரும்பினாள். "என்னப்பா, காலமை தகரக் கொட்டிலுக்கை நிண்டு ஆரோடை கத்தினனீங்கள்?"

"அப்பா!" என்றாள் வதனி.

"அங்கை உண்மையா ரெண்டு கிளிப் இல்லை" என்றேன். "வெண்கட்டிக் கோடும் இருந்தது. கள்ளன்..."

"அந்தக் கோடு கீறின கள்ளன் நான்தான் மாமா" என்றார் கஜன். "பக்கத்திலை தண்டவாளத்துக்கு ஒட்டு வைச்ச இடம் ஒண்டு இருக்கு. அதைச் சோதிக்கக் கழட்டி வைச்சது. ஒன்பது மணிக்குத் திரும்பப் பூட்டுறதெண்டு ஏற்கெனவே எழுதியிருக்கு." பிறகு தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அழப்போகிறார் என்று பயந்தேன். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிந்தபோது இன்னும் பயமாக இருந்தது.

பரிசோதகர் இரண்டு நாள் கழித்து வந்தார். வேலையில் ஒரு குறையும் இல்லை என்று எழுதினார். ஆனால் திகதி தப்பிவிட்டது. பதினோராம் நாள் கம்பனிக் கடிதம் வந்தது: மாத்தறை. நானே கம்பனிக்குக் கடிதம் எழுதி உண்மையைச் சொன்னேன். நான்கு பக்கம். தாமதத்துக்குக் காரணம் மேற்பார்வையாளரின் மாமனார் என்று படித்தபிறகு அவர்களுக்குக் கஜன்மேல் நம்பிக்கை கூடவில்லை.

இன்றைக்கும் எங்கள் உறவுக்குள் யாருக்காவது வழி சொல்ல வாயெடுத்தால், "மாமா, எந்தக் கட்டை எண்டு முதல் சொல்லுங்கோ" என்று கனடாவிலிருந்துகூடச் சத்தம் வருகிறது. எல்லாரிலும் பெரிதாகச் சிரிப்பவர் கஜன். நல்ல மனிதர். எனக்கென்றால் அது இன்னும் பிடிபடவில்லை. என் எண்ணிக்கையில் ஒரு பிழையும் இல்லையே!

மாதத்துக்கு ஒரு தடவை நானும் மனைவியும் மாத்தறைக்கு ரயில் ஏறுகிறோம். பேத்தி கேற்றில் நின்று, உள்ளே வரவிடாமல், "அம்மப்பா, எத்தினை நாள் நிப்பியள்?" என்று கேட்பாள். மூன்று விரலைக் காட்டுவேன். போதாது என்று நாலாவது விரலைத் தன் கையால் நிமிர்த்திவிடுவாள். இதுவரை பதினாறு பயணம். இரண்டு பேருக்கும் போகவர ரயில் சீட்டு, ஓட்டோ, வழிச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு இலட்சத்து எண்பத்து நாலாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.