'அப்புறம் பேசலாம்' பலகை

எந்த நாட்டுக்கும் விசா இல்லாமல் நுழைந்துவிடும் ஓர் இனம் உண்டு. சுற்றிய ஊரிலெல்லாம் பார்த்துவிட்டு, எதற்கெடுத்தாலும் கூட்டம் போட்டு 'இதில் என்ன பாடம் கற்றோம்?' என்று கேட்பதால், நான் அதற்குப் 'பாடம் கற்பவர்' என்று பெயர் வைத்திருக்கிறேன். எந்த வேலையும் இவர் கையால் கெடாது. கையை வைத்தால்தானே கெடும்?

அடையாளம் சுலபம். கக்கத்தில் சுருட்டிய சார்ட் பேப்பர், பையில் நான்கு நிறத்தில் ஒட்டுச்சீட்டு, வாயில் "இங்க யாரையும் குறை சொல்லப்போறதில்லை" என்ற வாசகம். அதைக் கேட்டவுடன் அறையில் இருப்பவர்கள் அத்தனை பேரும் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள்.

புது மருத்துவமனை ஒன்றின் திறப்பு விழாவுக்கு மூன்று வாரம் முன்பு, கட்டுமானக் குழுவை இப்படி ஒருவர் உட்காரவைத்தார்.

"விழா சொதப்பிடுச்சுன்னு கற்பனை பண்ணுங்க. ஏன் சொதப்புச்சு? மனசு விட்டு எழுதுங்க!"

விவரம் தெரிந்தவர்கள் 'புரிதல் குறைவு', 'ஒத்துழைப்பு போதாது' என்று யாருக்கும் வலிக்காமல் எழுதினார்கள். எலக்ட்ரீஷியன் அக்கா மட்டும் விஷயத்தை எழுதித் தொலைத்தார்: 'ஜெனரேட்டர் ரூம் பள்ளத்துல இருக்கு. மழை பெஞ்சா மூழ்கிடும்.'

"என்னம்மா, இவ்ளோ நெகட்டிவா?"

"நீங்கதானே சார் சொதப்பலை எழுதச் சொன்னீங்க?"

"சொதப்பலைக்கூட பாசிட்டிவா சொல்லலாமே!"

அக்காவின் மஞ்சள் சீட்டு, 'அப்புறம் பேசலாம்' என்று தலைப்பிட்ட பலகைக்குப் போனது. அங்கே போனது எதுவும் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை.

விழாவன்று மழை. கரண்ட் போனது. ஜெனரேட்டர் முழங்கால் தண்ணீரில் நின்றது. தலைமை விருந்தினர் தம் மாமியாரோடு லிஃப்டுக்குள் முக்கால் மணி நேரம் குடும்ப விஷயம் பேசினார்.

மறுநாள் கூட்டம்.

"யாரையும் குறை சொல்லப்போறதில்லை," என்று தொடங்கியவர் நேராக அக்கா பக்கம் திரும்பினார். "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? உங்களை வேலையை விட்டு எடுக்கணும்ன்றாங்க மேல."

அக்கா எழுந்தார். பலகையிலிருந்து சீட்டை உரித்து, அவருக்கு எதிரே மேசையில் ஒட்டினார். பாடம் கற்பவர் அதை இரண்டு முறை படித்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா! நம்ம கூட்டம் எவ்ளோ அருமையா வேலை செஞ்சிருக்கு! எல்லாத்தையும் முன்கூட்டியே கண்டுபிடிச்சிருக்கோம்!"

"அப்ப என் வேலை, சார்?"

"அதை அப்புறம் பேசலாம்மா."

சிரிக்கிறீர்களா? எங்கள் மேனேஜர் அச்சு அசல் இப்படித்தான் என்கிறீர்களா? இருக்கட்டும். போன வாரம் உங்கள் தங்கை ஏதோ சொல்ல வந்தாள். போனிலிருந்து தலை நிமிராமலே "அப்புறம் பேசலாம்" என்றீர்கள்.

என்ன சொல்ல வந்தாள்?