பாய் கடைக் கம்ப்யூட்டருக்கு நான் செய்த பூஜை

எங்கள் ஊர்ப் பக்கம் கம்ப்யூட்டரைப் போடத் தெரிந்தவனுக்கு ஒரு மரியாதை உண்டு. அதை ஒழுங்காக அணைக்கவும் தெரியும் என்றால், பெண் கொடுத்த வீட்டில்கூடத் தனி நாற்காலி போடுவார்கள். அந்த நாற்காலியில் நான் பல வருஷம் சௌகரியமாக உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்தது போடுவதும் அணைப்பதும், நடுவில் பில் அடிப்பதும் மட்டும்தான் என்று யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை. (கேட்டிருந்தால் மட்டும் சொல்லியிருப்பேனாக்கும்!)

சங்ககிரியில் ஒரு தார்ப்பாய்க் கடையில் எனக்குக் கணக்கு எழுதும் வேலை. லாரிகளில் சரக்கு நனையாமல் மேலே போர்த்திக் கட்டுவார்களே, அந்தத் தார்ப்பாய். முதலாளியை ஊரே ‘பாய்’ என்றுதான் கூப்பிடும், நாங்களும் அப்படியே. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுத் திருச்செங்கோட்டில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் படித்ததை நம்பி, கடையின் ஒரே கம்ப்யூட்டரை என்னிடம் ஒப்படைத்திருந்தார்.

நான் பிறவிக் கூச்சக்காரன். எதிரே ஒருவர் நின்று “ஏனுங்க” என்றாலே எனக்குக் காது சிவந்துவிடும். நல்லவேளையாக அந்தக் கம்ப்யூட்டரின் மானிட்டர் பழைய பெட்டி மானிட்டர். முதுகு பெருத்து, பாதி மேஜையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதன் பின்னால் கொஞ்சம் குனிந்தால் என் தலைமுடி மட்டும்தான் வெளியே தெரியும். “இந்தக் கடைல மானிட்டருதானப்பா பேசும்” என்று லாரிக்காரர்கள் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். உலகத்தில் எனக்கென்று ஒரு மறைவிடம் இருந்தது.

அந்த மறைவிடத்துக்குத்தான் ஆபத்து வந்தது. பாயின் தங்கை மகன் அஸ்லம் சேலத்தில் பி.காம். முடித்துவிட்டுக் கடைக்கு வர ஆரம்பித்தான். வந்த முதல் வாரமே கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தான்.

“மாமா, இத இன்னுமா வெச்சிருக்கீங்க? புதுசு வாங்கிரலாம். பில்லெல்லாம் நானே பாத்துக்கறேன். முத்தண்ணன் குடோனுக்குப் போகட்டும்.”

முத்தண்ணன் என்றது என்னைத்தான். குடோன் என்றால் லாரி ஓட்டுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், விலை பேசுகிறவர்கள், பேச்சு ஒத்துவராமல் சண்டை போடுகிறவர்கள் எல்லோரையும் நேருக்கு நேர் நின்று சமாளிக்க வேண்டும். நடுவில் மானிட்டர் இருக்காது.

பாய் உடனே சம்மதிக்கவில்லை. “ஓடற வரைக்கும் ஓடட்டும்” என்றார். ஆக, அந்தப் பழைய பெட்டி ஓடுகிற வரைதான் என் நாற்காலி. அதன் உயிர்தான் என் உயிர். இந்த நேரம் பார்த்து ஆயுத பூஜை வந்தது.

கடை பாயுடையது என்றாலும் தையல்காரர்களும் நானும் வருஷா வருஷம் பூஜை போடுவோம். பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் பாயே வாங்கிக் கொடுத்துவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். தையல் மெஷின், கத்திரி, அளவுக்கோல், தராசு, பீரோ என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது என் பொறுப்பு. அந்த வருஷம் கம்ப்யூட்டர் மேல் எனக்குப் பக்தி கொஞ்சம் அதிகம். சந்தனத்தில் பன்னீரைத் தாராளமாக ஊற்றிக் குழைத்தேன். மானிட்டர் நெற்றியில் ஒன்று, கீபோர்டில் ஒன்று, சி.பி.யு. பெட்டியின் தலையில் ஒன்று. அப்போதுதான் அந்தப் பெட்டியின் முன்னாலும் பின்னாலும் இருந்த சின்னச் சின்ன யு.எஸ்.பி. துளைகள் கண்ணில் பட்டன. பீரோவின் சாவித் துவாரத்துக்கே பொட்டு வைத்தவன், இவற்றை மட்டும் விட்டால் ஓரவஞ்சனை ஆகாதா? ஒவ்வொன்றுக்கும் அழுத்தமாக ஒரு விரல் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

அத்தோடு விட்டேனா? பில் போடும் மென்பொருளுக்கு ஒரு பூட்டு உண்டு. பென் டிரைவ் போல ஒரு சின்னக் குச்சி. அதைச் செருகியிருந்தால்தான் கணக்கே திறக்கும். கடையின் வரவு செலவு முழுக்க அந்தக் குச்சியில் தொங்குகிறது. அதை உருவி, வேட்டி நுனியால் துடைத்து, அதன் இரும்புத் தலையில் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, மறுபடி செருகினேன்.

படிக்கிற உங்களுக்கு இப்போது எல்லாம் புரிந்திருக்கும். எனக்குப் புரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆயிற்று.

மறுநாள் வியாழக்கிழமை, விஜயதசமி. நல்ல நேரத்தில் முதல் பில் போட வேண்டும் என்று ஒரு லாரி முதலாளி வந்து காத்திருந்தார். நான் சீக்கிரமே வந்து, துளைகளின் மேல் அப்பியிருந்த சந்தனத்தை ஈரத்துணியால் பளபளவென்று துடைத்துவிட்டேன். (துடைத்ததில் பாதி உள்ளே போனது வேறு கதை.) கம்ப்யூட்டர் எழுந்தது. கீபோர்டும் மவுஸும் உருண்டை முனை வைத்த அந்தக்காலத்துச் சாமான்கள், யு.எஸ்.பி. துளையோடு அவற்றுக்குச் சம்பந்தம் இல்லை. அதனால் அவை நன்றாகவே வேலை செய்தன. ஆனால் பில்லைத் திறந்தால் திறக்கவில்லை. மூலையில் டொய்ங் என்று ஒரு சத்தம், ஆங்கிலத்தில் ஒரு வரி.

“என்னங்குது?” என்றார் பாய்.

“குச்சிய அடையாளம் தெரியலைங்குதுங்க பாய்.”

“இத்தன வருசமா கூடவே கெடந்த குச்சிய இன்னிக்குத் தெரியலைங்குதா? நன்றிகெட்ட பெட்டியா இருக்குதே!”

லாரி முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாய் பழைய பில் புத்தகத்தைத் தூசு தட்டிக் கையாலேயே எழுதிக் கொடுத்து அனுப்பினார். அஸ்லம் தன் செல்போனில் கம்ப்யூட்டர் விலை பார்க்க ஆரம்பித்தான். அவன் திட்டியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

மென்பொருள் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் பேசினார். “வேற போர்ட்ல போட்டுப் பாருங்க சார்” என்றார். போட்டேன், டொய்ங். இன்னொன்றில் போட்டேன், டொய்ங். “ரீஸ்டார்ட் பண்ணுங்க சார்” என்றார். பண்ணினேன், அதே டொய்ங். குச்சியின் வாயில் ‘ஹா’ என்று ஊதி, சட்டையில் தேய்த்துப் போட்டேன். இப்போது டொய்ங்கூட வரவில்லை. “போர்ட் போயிருக்கா, டாங்கிள், அதான் அந்தக் குச்சி, போயிருக்கான்னு தெரியணும். வேற ஒரு பென் டிரைவ் போட்டுப் பாருங்க சார்” என்றார் கடைசியில்.

பக்கத்துக் கடை ஜெயந்தியின் ஜெராக்ஸ் கடை. ஒரு பென் டிரைவ் இரவல் வாங்கி வந்து, பெட்டியின் எல்லாத் துளைகளிலும் வரிசையாகச் செருகிப் பார்த்தேன். எதுவும் அதை மதிக்கவில்லை. உருவும்போது அதன் நுனியில் லேசாக மஞ்சள் தெரிந்தது. பழைய பெட்டி, துருவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் ஜெயந்தி வேறு ஆளிடம் பேசிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து, பென் டிரைவை அவள் மேஜையில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஜெயந்தி வாசலில் வந்து நின்றாள்.

“ஏனுங்ணா, நல்லாருந்த பென் டிரைவுல என்னத்த ஏத்தி அனுப்புனீங்க? அத சொருகினதுலருந்து என் சிஸ்டம் பெரிண்டரக்கூடத் தெரியாதுங்குது! ஒரு துளை போச்சேன்னு இன்னொண்ணுல போட்டா அதுவும் போச்சு. கடைல அத்தன சனம் நிக்குது!”

நான் மானிட்டருக்குப் பின்னால் குனிந்தேன். “வைரஸா… இருக்கும் அம்மிணி.”

“உங்க கம்ப்யூட்டருல நெட்டே இல்லைங்களே! வைரஸ் என்ன, சேலத்துலருந்து பஸ் ஏறி வந்துச்சுங்களா?”

அஸ்லம் எழுந்து நின்றான். “மாமா, இப்ப நோய் பக்கத்துக் கடைக்கும் பரவிருச்சு. நான் இன்னிக்கே போய்ப் புதுசு எடுத்துட்டு வந்தர்றேன். முத்தண்ணனுக்கு நாளையிலருந்து குடோன்.”

பாய் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கிட்டத்தட்டச் சம்மதம் தெரிந்தது. அப்போதுதான் நான் அந்தக் கடையில் முதன்முறையாகச் சத்தம் போட்டுப் பேசினேன்.

“தூசிதானுங்க பாய்! காத்தடிச்சாச் சரியாப் போயிருமுங்க!”

லாரி ஊரில் இதை யாரும் மறுக்க மாட்டார்கள். ரேடியேட்டர் அடைத்தால் காற்று, ஃபில்டர் அடைத்தால் காற்று. எங்கள் ஊரில் கம்ப்ரஸருக்குக் குணமாகாத வியாதி கிடையாது. சி.பி.யு. பெட்டியைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு எதிரே இருந்த டயர் கடைக்கு நடந்தேன். பின்னால் ஜெயந்தி, அவளுக்குப் பின்னால் செல்போனில் படம் எடுத்தபடி அஸ்லம். பாய் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பி, சலவை மடிப்புக் கலையாத வெள்ளை ஜிப்பாவில், அத்தர் மணக்க வந்தார். “ஒரு நிமிசம் பாத்துட்டுப் போறேன்” என்று அங்கேயே நின்றுவிட்டார்.

டயர் கடைக்காரர் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “இது லாரி டயருக்கு அடிக்கற காத்துங்க. தாங்குங்களா?”

“அடிங்க” என்றேன். வாழ்க்கையில் நான் போட்ட முதல் உத்தரவு.

பக்கவாட்டு மூடியைக் கழற்றி அடித்தார். பல வருஷத்துத் தூசி புகையாகக் கிளம்பியது. இரண்டு கரப்பான்பூச்சிகள் பறந்தன. உள்ளே ஒரு சின்ன விசிறி தன் ஆயுளில் சுற்றாத வேகத்தில் சுற்றியது. ஏதோ ஒன்று ‘டக்’ என்று முறிந்தது. “நல்லா அடைச்சிருக்குதுங்க” என்று சொல்லிவிட்டு, குழாயைப் பின்பக்கத் துளைகளில் வைத்து உள்ளேயிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி ஓங்கி ஓர் அழுத்து அழுத்தினார்.

‘புஸ்ஸ்’ என்று மஞ்சளும் சிவப்புமாக ஒரு மேகம் புறப்பட்டது. நேராகப் போய்ப் பாயின் ஜிப்பாவில் இறங்கியது.

கம்ப்ரஸர் நின்றது. ரப்பரும் கிரீஸும் நாறுகிற அந்த இடத்தில் திடீரென்று கல்யாண வீட்டு வாசனை. ஜெயந்தி பாயின் கை மடிப்பில் ஒட்டியிருந்ததை விரலால் தொட்டு மோந்து பார்த்தாள்.

“ஏனுங்ணா… சந்தனமுங்க இது!”

பாய் குனிந்து தன் ஜிப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“முத்து. பொட்ட உள்ளயா வெச்ச?”

“மேலாப்லதான் வெச்சேனுங்க பாய்…”

“எத்தன ஓட்டைல?”

“எல்லாத்துலயுமுங்க.”

குடோனில் எந்த மூலையில் நிற்கலாம் என்று நான் மனசுக்குள் இடம் பார்க்க ஆரம்பித்தேன். பாயின் தோள் குலுங்கியது. கோபம் என்று நினைத்தேன். சிரிப்பு. சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் பக்கத்தில் கிடந்த லாரி டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். அதனால் ஜிப்பாவின் பின்பக்கமும் கறுப்பாயிற்று. “பாங்கு சொல்லிருவாங்க, ஊட்டுக்குப் போய் மாத்திட்டு ஓடறேன்” என்று கண்ணைத் துடைத்தபடியே போனார்.

தொழுகை முடிந்து அவர் திரும்புவதற்குள் நிலவரம் தெளிவாகிவிட்டது. காப்பாற்றக் கொண்டுபோன பெட்டி அதன் பிறகு எழவே இல்லை. ஆனால் ஜெயந்தி, ஜெராக்ஸ் மெஷினின் கண்ணாடி துடைக்கிற ஸ்பிரிட்டில் பழைய பல்துலக்கியை நனைத்து, தன் கம்ப்யூட்டரின் துளைகளையும் எங்கள் குச்சியையும் தேய்த்தாள். குச்சி பிழைத்தது. கணக்கு இருந்த ஹார்ட் டிஸ்க்கை அஸ்லம் பத்திரமாகக் கழற்றி வைத்துவிட்டான். போனது பெட்டி மட்டும். அதாவது நான் மட்டும்.

“இப்பவாவது சரின்னு சொல்லுங்க மாமா” என்றான் அஸ்லம்.

“புதுசு வாங்கு” என்றார் பாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். “ஆனா முத்துவக் குடோனுக்கு அனுப்பாத. அங்க இருக்கற அத்தன தார்ப்பாய்க்கும் சந்தனம் பூசிட்டான்னா எவன் வாங்குவான்? என் கண்ணு முன்னாலயே இருக்கட்டும்.”

இப்படியாகத்தான் என் வேலை தப்பியது, திறமையால் அல்ல. புதுக் கம்ப்யூட்டர் வந்தது. அதன் மானிட்டர் அப்பளம் மாதிரி தட்டை. எவ்வளவு குனிந்தாலும் என் முகம் முழுசாகத் தெரிகிறது. வேறு வழியில்லாமல் ஆட்களிடம் பேசப் பழகிக்கொண்டேன். பேச வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கதையைக் கேட்கத்தான் வருகிறார்கள் என்பது என் தலையெழுத்து.

போன வருஷம் என் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறார். வரவேற்பில் பாய் சம்பந்தி வீட்டார் அத்தனை பேரையும் கூட்டி வைத்து, கம்ப்ரஸர் சத்தம் முதற்கொண்டு வாயாலேயே எழுப்பி, முழுக்கதையையும் நடித்தே காட்டிவிட்டார். சம்பந்தியம்மா சிரித்ததில் அவருக்கு விக்கல் எடுத்துவிட்டது. மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. மரியாதை தெரிந்த பையன் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

கல்யாணம் முடிந்து வந்த முதல் ஆயுத பூஜைக்கு இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை மடிக்கணினிப் பையைத் தோளில் மாட்டியபடியே வீட்டுக்குள் நடந்தார், மாட்டியபடியே சாமி கும்பிட்டார், மாட்டியபடியே இலையில் உட்கார்ந்தார்.

“ஏனுங்க, அந்தப் பைய எறக்கி வெச்சுட்டுத்தான் சாப்புடுங்களேன்” என்றாள் என் மகள்.

மாப்பிள்ளை சந்தனம் காயாத என் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“பரவால்ல, கனமில்லை” என்றார்.