வேலைநிறுத்தத்துக்கு ஒரு மொட்டை

என் வாழ்க்கையில் நான் ஒரே ஒரு வேலைநிறுத்தத்தை நிறுத்தியிருக்கிறேன். ரயில்வேக்காரர்கள் ஆயிரக்கணக்கில் கூடி அறிவித்த வேலைநிறுத்தம் அது. திருத்தணி மலைமேல் தனியாளாக நின்று, என் தலைமுடியைப் பணயம் வைத்து, அதை வாபஸ் வாங்கவைத்தேன். இதை இன்றுவரை எந்தத் தொழிற்சங்கமும் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் மட்டும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் அவர்கள் அதைச் சொல்லும்போது சிரிக்காமல் சொல்வதில்லை.

யுத்தம் முடிந்து மறுவருஷம். திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. எனக்கு வயது இருபத்திரண்டு, தாலுகா ஆபீசில் நகல் எழுதும் தற்காலிக உத்தியோகம். வீட்டில் நைனாவுக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) இரண்டு தறி. என் அக்கா ருக்குமணி, கல்யாணமாகியும் எங்களோடுதான் இருந்தாள். அவள் புருஷன், எங்கள் பாவா, யுத்தம் மலேயாப் பக்கம் எட்டுமுன்பே பினாங்கில் ஒரு ஜவுளிக்கடைக்குக் கணக்கெழுதப் போனவர். போகும்போது அக்கா வயிற்றில் குழந்தை. அடுத்த கப்பலில் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றார். அடுத்த கப்பலுக்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். பிறகு கடிதமே இல்லை. குழந்தை அலமேலு பிறந்து, நடந்து, பேசி, "என் நைனா எங்கே?" என்று கேட்கிற வயசுக்கும் வந்துவிட்டாள். உறவுக்காரர்கள் அக்காவின் நெற்றியைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டிக்கொண்டு போவார்கள். அவள் ஒருநாளும் பொட்டை அழிக்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் கடிதம் வந்தது. பாவா உயிரோடு இருந்தார். அக்காவுக்கும் குழந்தைக்கும் கப்பலில் இடம் பிடித்திருந்தார். துணைக்கு நானும் வரவேண்டும், எனக்கும் அதே கடையில் ஒரு வேலை பார்த்து வைத்திருப்பதாக எழுதியிருந்தார். இந்தக் கப்பலை விட்டால் அடுத்தது எப்போது என்று தமக்கே தெரியாது என்றும் ஒரு வரி இருந்தது. அந்த வரியைத்தான் நான் மனப்பாடம் செய்துகொண்டேன்.

ஏனென்றால் அப்போது நாடு இருந்த இருப்பு அப்படி. இன்று தபால்காரர்கள், நாளை மில்காரர்கள், நாளன்றைக்கு ரயில்வே, அதற்கடுத்து துறைமுகக் கூலிகள். பட்டணத்தில் கடையடைப்பு என்பார்கள், கல்வீச்சு என்பார்கள். அரிசி ரேஷனில் அளந்து கிடைத்த காலம். அந்தத் தொழிலாளிகளுக்கும் வயிறு இருந்தது என்பது அன்றைக்கு என் தலைக்குள் ஏறவில்லை. (தலைக்கு வெளியே இருந்த கிராப்புதான் எனக்கு முக்கியம். அதற்கு வருவோம்.) அவர்கள் எல்லோரும் எங்கள் கப்பலை நிறுத்துவதற்காகவே கூட்டம் போடுகிறார்கள் என்று நான் நம்பினேன்.

காலை ரயிலில் வரும் பேப்பரை ஸ்டேஷனிலேயே பிடித்து, பிளாட்பாரத்தில் நின்றபடியே படிப்பேன். படித்து முடித்ததும் கப்பல் ஏஜெண்டுக்கு ஒரு கார்டு எழுதுவேன். பதினோராவது கார்டுக்கு அவர்களிடமிருந்து பதில் வந்தது: 'தங்கள் பதினோரு கார்டுகளும் கிடைத்தன. கப்பல் இன்னும் வந்து சேரவே இல்லை. வராத கப்பல் போய்விடாது என்று தெரிவித்துக்கொள்கிறோம்.' இதை நைனாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

ரயில் ஓடாவிட்டால் மாட்டுவண்டி, மாடு கிடைக்காவிட்டால் நடை என்று திட்டம் போட்டேன். நடந்து பழகவேண்டுமே! அக்காவையும் குழந்தையையும் ஒரு வாரம் தினமும் மலைப்படி ஏறி இறங்கவைத்தேன். டிரங்குப் பெட்டியை நான் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போவேன். சாமி கும்பிட வந்தவர்கள், இது ஏதோ புதுவிதமான காவடி என்று நினைத்து வழிவிட்டார்கள்.

"பாவாகிட்ட போறதுக்குள்ள என்னைச் சாவடிச்சுடுவ போலக்கீதே" என்றாள் அக்கா, பாதிப்படியில் உட்கார்ந்து.

"நீ பேப்பர் படிக்கிறதில்ல. உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன்.

அவள் எழுந்து மறுபடி படியேறினாள். கவலைப்படும் உரிமை அவளுக்குத்தான் இருந்தது. ஆனால் அந்த வேலையை முழுக்க நானே எடுத்துக்கொண்டுவிட்டேன்.

கப்பல் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, ரயில்வே வேலைநிறுத்தம் நிச்சயம் என்று பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்தது. அன்று சாயங்காலம் மலையேறிச் சந்நிதியில் நின்றேன். தாலுகா ஆபீஸ் பழக்கம், வேண்டுதலையும் மனுவாகத்தான் சமர்ப்பித்தேன். ஒன்று, ரயில் ஓடவேண்டும். இரண்டு, துறைமுகக் கூலிகள் வேலைக்கு வரவேண்டும். மூன்று, கப்பல் குறித்த நாளில் கிளம்பவேண்டும். மேற்படி மூன்றும் நடந்தால் முடி காணிக்கை.

அது சாதாரண முடியில்லை. நடுவகிடு எடுத்து, எண்ணெய் போட்டு, நெற்றியில் ஒரு சுருள் விழும்படி வளர்த்த கிராப்பு. கீழே கோடு போட்டதுபோல் ஒரு மீசை. பயணப் பத்திரத்துக்குப் படம் எடுக்க அரக்கோணம் ஸ்டூடியோவுக்குப் போனபோது, அந்தச் சுருள் சரியாக விழுகிறவரை படமெடுப்பவரைக் காக்கவைத்தேன். 'இது இன்னார்தான்' என்று அந்தப் படத்தின்மேல் கையெழுத்துப் போட்டவர் எங்கள் ஆபீஸ் தாசில்தார். போட்ட கையோடு பென்ஷன் வாங்கிக்கொண்டு மயிலாப்பூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

வேலைநிறுத்தம் வாபஸ் ஆயிற்று. துறைமுகமும் அமைதி என்று பேப்பரில் போட்டிருந்தது. நான் ஊரெல்லாம் சுற்றிச் சொன்னேன். மறுநாள் காலையில் பட்டணத்துக்கு ரயில். விடிந்ததும் மலைக்குக் கிளம்பினேன்.

"திரும்பி வந்து அடிச்சுக்கோடா. சாமி எங்க போயிடப் போறாரு?" என்றாள் அக்கா.

"சாமி கடனை வச்சுகினு சமுத்திரத்துல கால் வைக்கச் சொல்றியா?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கடலை நான் அதற்குமுன் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன். முழங்கால்வரை இறங்கியதும் காலடி மணல் நழுவியது. ஓடிவந்துவிட்டேன். அதன்மேல் ஒரு வாரத்துக்குமேல் மிதக்கவேண்டும் என்ற நினைப்பில் எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் பிடிக்கவில்லை. மீசையையும் சேர்த்து எடுத்துவிடச் சொன்னேன்.

ஸ்டேஷனில் நைனா என் சந்தனத் தலையை ஒருமுறை பார்த்தார். வேறு எதுவும் கேட்காமல், "ஆம்பளத் தொணையில்லாம என் பொண்ணு கப்பல் ஏறக்கூடாது. கேட்டுக்கினியா?" என்றார்.

"ஆங், நைனா."

மறுநாள் காலை, சென்ட்ரல் பக்கத்துச் சத்திரத்திலிருந்து வெளியே வந்தால் டிராம் ஓடவில்லை. டிராம்காரர்கள் அன்று காலையிலிருந்து வேலைநிறுத்தம். என் மனுவில் டிராமைச் சேர்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இருந்தாலும் பரவாயில்லை, நடக்கத்தான் பழகியிருக்கிறோமே! பெட்டியையும் என் படுக்கைச் சுருளையும் கைவண்டியில் ஏற்றி, துறைமுகத்துக்கு நடந்தே போனோம். அக்காவிடம், "பாத்தியா, மலையேறினது வீண்போகல" என்றுகூடச் சொன்னேன்.

பத்திரம் பார்க்கும் மேஜைக்கு எங்கள் முறை வந்தபோது மணி பதினொன்று. அக்காவுக்கும் குழந்தைக்கும் முத்திரை குத்தியாயிற்று. அதிகாரி என் பத்திரத்தைப் பிரித்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இது யாரு?"

"நான்தான் சார்."

"இதுல முடி இருக்கே. மீசை இருக்கே."

"நேத்துதான் சார் எடுத்தேன்."

"எதுக்கு?"

"வேலைநிறுத்தத்துக்காக சார்."

அந்த நாளில் ஓர் அதிகாரியிடம் சொல்லக்கூடாத ஒரு வார்த்தை இருந்தது என்றால் அது அதுதான். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நிமிர்ந்து உட்கார்ந்து, "நீ எந்தச் சங்கம்?" என்றார்.

சங்கமில்லை, வேண்டுதல் என்று நான் முதலிலிருந்து விளக்கினேன். விளக்க விளக்க, ஆள் அடையாளத்தை மறைத்துக்கொண்டு ஓடப் பார்க்கும் கலகக்காரனாகவே அவர் கண்ணுக்கு நான் மாறிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு தயவு காட்டினார். படத்தில் கையெழுத்துப் போட்டவர், இந்த மொட்டையும் அந்தக் கிராப்பும் ஒரே ஆள்தான் என்று எழுதிக் கொடுத்தால் விடுவதாகச் சொன்னார். இரண்டு மணிக்குக் கதவு மூடிவிடும்.

அக்காவைப் பெட்டிமேல் உட்காரவைத்தேன். "எங்கயும் நகராத. நான் வந்துதான் ஏறணும்" என்றேன். அவள் கப்பலைப் பார்த்தாள், பிறகு என் தலையைப் பார்த்தாள். "சீக்கிரம் வா" என்றாள்.

மயிலாப்பூர்! டிராம் இல்லாத நாளில் பஸ்ஸில் தொங்கக்கூட இடமில்லை, ரிக்ஷாவெல்லாம் போய்விட்டிருந்தது. ஓடினேன். ஒருநாள் வயசான மொட்டைமேல் பட்டணத்து வெயில் என்ன செய்யும் என்பதை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். வழியில் ஒரு மரத்தடியில் காக்கிச் சட்டை போட்டவர்கள் கும்பலாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எழுந்து வந்து என்னை நிறுத்தினார்.

"இன்னா நைனா, இந்த வெய்யில்ல மொட்டத் தலையோட ஓடினுகீற?"

சொன்னேன். அவர் தம் துண்டைப் பானைத் தண்ணீரில் நனைத்து என் தலையில் கட்டினார். குறுக்குவழி சொன்னார். "நாங்கதாம்பா டிராம்காரங்க. மன்னிச்சுக்க. எங்க வூட்லயும் கொயந்தைங்க கீது" என்றார். மாதக்கணக்காக நான் பேப்பரில் பார்த்துப் பயந்துகொண்டிருந்த ஆட்களில் முதன்முதலாக நேரில் பார்த்தவர் அவர்தான். அந்தத் துண்டைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வாய்க்கவே இல்லை.

தாசில்தார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசலில் தலையில் ஈரத்துண்டோடு மூச்சிரைத்து நின்றவனைப் பார்த்து, "யாருப்பா நீ?" என்றார். படத்தில் இருப்பது நான்தான் என்று கையெழுத்துப் போட்ட ஒரே மனிதர்! துண்டை அவிழ்த்தேன். அதற்குப்பின் சுத்தமாக அடையாளம் தெரியாமல் போய்விட்டது. நைனா பெயர், தறி, ஆபீசில் நான் மை கொட்டிய கோப்பு எல்லாவற்றையும் சொன்னபிறகுதான், "அட, அந்தச் சுருளு எங்கடா?" என்று கேட்டுச் சீட்டெழுதிக் கொடுத்தார்.

நான் துறைமுகத்துக்குத் திரும்பியபோது மணி இரண்டரை இருக்கும். கதவு மூடியிருந்தது. பெட்டி இருந்த இடத்தில் என் படுக்கைச் சுருள் மட்டும் கிடந்தது. அதன்மேல் ஒரு துறைமுகக் கூலி உட்கார்ந்திருந்தார்.

"மொட்டையா ஒருத்தன் மூச்சு வாங்கிகினு வருவான்னாங்க. நீதான?"

ஆமாம் என்றேன். அன்றைக்கு என்னிடம் அத்தாட்சி கேட்காமல் நான்தான் என்று ஒப்புக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

"உன் அக்கா கடைசி மணி அடிக்கிற வரிக்கும் இங்கதான் குந்திகினு இருந்தாங்க. அப்பால அந்தப் பொண்ணு கையப் புடிச்சுகினு எழுந்தாங்க. 'நைனாவுக்கு நானே கடுதாசி போடறேன், தம்பியைத் திட்டக்கூடாதுன்னு எழுதறேன். அவன வெயில்ல நிக்கவேணாம்னு சொல்லு'ன்னாங்க."

வேலிப்பக்கம் ஓடினேன். கப்பல் கரையைவிட்டு நகர்ந்திருந்தது. மேல்தட்டில் கும்பல் கும்பலாக ஜனம். யாரையும் என்னால் அடையாளம் காண முடியவில்லை. ஆனால் கரையில் இருந்த கூட்டத்தில் என்னைக் கண்டுபிடிக்க அவர்களுக்குக் கொஞ்சமும் சிரமம் இருக்கவில்லை. "மாமா! மொட்ட மாமா!" என்று அலமேலுவின் குரல்தான் முதலில் வந்தது. அப்புறம் ஒரு கை அசைந்தது. அக்கா அழவில்லை. நிமிர்ந்து நின்றாள். தெருமுனைக் கடைக்குக்கூடத் தனியாகப் போகாதவள், கையில் குழந்தையோடு அவ்வளவு பெரிய தண்ணீருக்கு மேலே நின்றாள்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றும் உண்டு. அந்தத் தண்ணீர் அகலமாகிக்கொண்டே போனபோது, ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் அதன்மேல் போகவேண்டாம் என்ற நிம்மதி. அடுத்த நிமிஷமே வெட்கம் வந்தது. இத்தனை நாளும் நான் பயந்தது வேலைநிறுத்தத்துக்கு இல்லை என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

நைனா நான்கு வாரம் என்னோடு பேசவில்லை. பினாங்கிலிருந்து கடிதம் வந்த அன்றுதான் பேசினார். இறங்குதுறையில் பாவா முதலில் கேட்டது "தம்பி எங்கே?" என்பதாம். முதன்முதலாகப் பார்க்கும் அப்பாவிடம் அலமேலு பேசிய முதல் வார்த்தை, "மாமா மொட்டை அடிச்சாரு, அதனால கப்பல்ல ஏத்தல" என்பதாம். நைனா கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, அடக்கமுடியாமல் சிரித்தார். பிறகு மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் வெளியூர் கிளம்பினாலும், டிக்கெட் இருக்கிறதா என்று கேட்பதற்குமுன், "யாரும் வேண்டிக்கலியே?" என்று கேட்பார்கள். அக்காவின் கடிதம் ஒவ்வொன்றும் 'முடி வளர்ந்ததா?' என்றே முடியும். வளர்ந்தது, இரண்டு தடவை படம் எடுத்துக்கூட அனுப்பினேன். அந்தக் கேள்வி மட்டும் நிற்கவில்லை.

அவள் திரும்பி வர ஏறக்குறைய இருபது வருஷம் ஆயிற்று. அதே துறைமுகத்துக்கு நான் அழைக்கப் போனேன். போகும் வழியில் டிராம் தண்டவாளத்தையே பிடுங்கிப் போட்டிருந்தார்கள். என் தலையிலும், எந்த வேண்டுதலும் இல்லாமலேயே, முடி முழுக்கப் போய்விட்டிருந்தது. கப்பலிலிருந்து இறங்கிய கூட்டத்தில் நான் அவளைத் தேடிக்கொண்டிருந்தபோதே நரைத்த தலையோடு ஓர் அம்மாள் நேராக என்னிடம் வந்து நின்றாள். என் தலையை ஒருகணம் பார்த்தாள்.

"இன்னுமாடா வளரல?" என்றாள்.

அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று என் மொட்டைத் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அன்றைக்குக் கப்பலில் நின்று அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். நான், "வெயில்ல நிக்காத அக்கா, வா" என்று அவளை நிழலுக்கு அழைத்துக்கொண்டு போனேன்.