ஸ்டாப்பிங் அக்காவின் தையல் மெஷின்

ஸ்டாப்பிங் அக்காவிடம் ‘முடியாது’ என்று சொல்லிவிட்டு, சொன்ன சொல்லிலேயே கடைசிவரை நின்ற மனிதர் சேலம் ஜில்லாவில் ஒருவர்கூடக் கிடையாது. ஜில்லாவைப் பிரித்து நாமக்கல்லைத் தனியாகக் கொடுத்த பிறகு அங்கேயும் கிடையாது.

அக்காவுக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்திருக்கும். ரேஷன் கார்டைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்கு முதலில் அவர் தையக்கார அக்கா. பிறகு ஸ்டாப்பிங் அக்கா. அந்த இரண்டாவது பெயர் வந்த கதைதான் இது.

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் ரோட்டில், டவுன் முடிந்து சோளக்காடு ஆரம்பிக்கிற இடத்தில் எங்கள் காலனி இருந்தது. நாலு தெரு, நாற்பது வீடு. மனை போட்டு விற்றவர் தன் நோட்டீஸில் ‘பஸ் வசதி உண்டு’ என்று அச்சடித்திருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. பனமரத்துப்பட்டி டவுன் பஸ் வெகு வசதியாக எங்கள் காலனியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நிற்கத்தான் இல்லை. முன்னால் ஒரு மைலில் கரட்டடி ஸ்டாப், பின்னால் ஒரு மைலில் சந்தைமேடு ஸ்டாப். நடுவில் நாங்கள், பஸ்ஸுக்குக் கை காட்டி விளையாடும் ஜனங்கள்.

அக்கா இரண்டாவது தெருவில் வாடகைக்கு இருந்தார். ஒல்லியான உடம்பு, கழுத்தில் எப்போதும் இஞ்சு டேப், ஜாக்கெட்டில் வரிசையாகக் குத்திய ஊசிகள். அவரைக் கட்டிப்பிடித்துக் கொஞ்ச நினைத்த குழந்தைகள் ஒரே தடவையில் திருந்திவிடும்.

அவருடைய பிடிவாதத்துக்கு ஒரு சின்ன உதாரணம். மூன்றாவது தெருவில் ஒரு நாய் இருந்தது. அதற்குப் பயந்து தபால்காரர் அந்தத் தெருவின் கடிதங்களை எல்லாம் முனையிலேயே வைத்துவிட்டுப் போவார். “நாய் இருக்கற வரைக்கும் உள்ள வர முடியாதுங்க” என்றார். அக்கா வாதாடவில்லை. மறுநாள் முதல் தபால்காரர் வரும் நேரத்துக்கு அந்த நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தெருமுனையில் நின்றார். “மோந்து பாத்துக்கட்டுங்க, நில்லுங்க” என்று தினமும் அறிமுகம் நடந்தது. ஒரு வாரம் கழித்து நாய் தபால்காரரின் சைக்கிளுக்குப் பின்னால் ஓடத் தொடங்கியது, பாசத்தில். மூன்றாவது தெருவுக்குக் கடிதம் இல்லாத நாளில்கூட அவர் உள்ளே வந்து அதைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதாயிற்று.

அப்படிப்பட்டவரிடம்தான் என் அப்பா ஒரு ‘முடியாது’ சொன்னார்.

நான் அந்த வருஷம் எட்டாவது முடித்திருந்தேன். எட்டு வரைக்கும் காலனிக்குப் பின்னாலேயே, வரப்பு வழியாக நடந்தால் வந்துவிடும் பள்ளிக்கூடம். ஒன்பதாவதுக்கு டவுனுக்குப் போகவேண்டும். டவுனுக்குப் போக பஸ் ஏறவேண்டும். பஸ் ஏற, லாரிகள் பறக்கும் ரோட்டோரமாக ஒரு மைல் நடக்கவேண்டும். அப்பா லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் மேஸ்திரி. மோதி நசுங்கி வரும் வண்டிகளை நாளெல்லாம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருபவர்.

“எட்டு போதும் சாமி. அந்த ரோட்டுல உன்னை அனுப்பிச்சுட்டு நான் பட்டறைல நிம்மதியா வேலை பாக்க முடியாது” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். தலையைத் தடவிக்கொண்டு சொன்னதால் அதற்கும் வழி இல்லாமல் போயிற்று.

பாவாடையும் தாவணி ரவிக்கையும் தைக்கத் துணி எடுத்துக் கொடுத்தார். அம்மா என்னை அக்காவிடம் அழைத்துப் போனார். அக்கா துணியைப் பிரித்துப் பார்த்தார்.

“இது எந்த ஸ்கூலு யூனிபார்முங்கக்கா, பூப்போட்டு இருக்குது?”

“ஸ்கூல் இல்லம்மிணி. பஸ் நிக்கறதில்லயே. அவங்கப்பா வேண்டாங்கறார்” என்றார் அம்மா.

அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இஞ்சு டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து என் தோளில் வைத்தார்.

“யூனிபார்முக்கு அளவு எடுத்து வெச்சுக்கறேன். ஜூன் மாசம் ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள பஸ் நிக்கும்.”

“யார் சொன்னாங்க?” என்று கேட்டார் அம்மா.

“நாந்தான் சொல்றேன்” என்றார் அக்கா, வாயில் ஒரு குண்டூசியோடு.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ரோட்டுக்குப் போய், எதிர்ப்புறம் புளியமரத்தடியில் நின்று கை காட்டினார். டிரைவர் நேராகப் பார்த்தபடி ஓட்டிப் போனார். பெரிய மீசைக்காரர், கழுத்தைத் திருப்புவது கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர். இரண்டாம் நாள் அக்கா ஒரு மீட்டர் சிவப்பு ஜாக்கெட் துணியைக் கொண்டுபோய் இரண்டு கையாலும் விரித்து ஆட்டினார். பஸ் அலறிக்கொண்டு நின்றது. கண்டக்டர் குதித்து ஓடி வந்தார். சின்ன வயசுக்காரர்.

“ஏனுங்கக்கா, என்னாச்சுங்க? முன்னால ஏதாச்சும் ஆக்சிடென்டுங்களா?”

“ஒண்ணும் ஆகலீங் தம்பி. டவுனுக்குப் போகோணும்.”

“இது ஸ்டாப்பிங் இல்லீங்கக்கா.”

“பஸ்ஸு நின்னுருச்சுங்களே. அப்புறம் ஸ்டாப்பிங் இல்லீன்னா எப்பிடிங்க?”

கண்டக்டர் அதற்குப் பதில் யோசிப்பதற்குள் அக்கா ஏறி டிரைவருக்குப் பக்கவாட்டில் இருந்த சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வரும்போதுதான் உண்மையான போர் தொடங்கியது. எங்கள் காலனிக்கு ஸ்டாப் இல்லாததால் சந்தைமேட்டுக்கு டிக்கெட் கொடுத்தார்கள். காலனி வந்தபோது அக்கா எழுந்து நின்றார். பஸ் நிற்கவில்லை. சந்தைமேடு வந்தது. அக்கா மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

“எறங்குங்கக்கா, உங்க ஸ்டாப்பு.”

“எங்கூடு இங்க இல்லீங் தம்பி. எங்கூடு வாரப்ப எறங்கிக்கறேன்.”

பஸ் பனமரத்துப்பட்டிவரை போனது. அக்காவும் போனார். அங்கே டீ குடித்துவிட்டு, அடுத்த டிக்கெட் வாங்கி, அதே சீட்டில் உட்கார்ந்து திரும்பி வந்தார். காலனி இன்னொரு தடவை ஜன்னலில் வந்து போனது. நேரே சேலம். மறுபடி பனமரத்துப்பட்டி. அங்கிருந்து திரும்பும்போது, நாலாவது தடவையாகக் காலனி வந்ததும் கண்டக்டரே விசிலை ஊதிவிட்டார். இறங்கும்போது அக்கா, “நாளைக்கு வாரேனுங்க” என்று சொல்லிவிட்டு வந்ததாகக் கேள்வி. அன்றைக்கு அக்காவின் வீட்டுக்காரர் தானே ரசம் வைத்துச் சாப்பிட்டார். மில் வேலைக்காரர், சாது. “பஸ்ஸுலதான இருக்கறா. பத்திரமா இருப்பா” என்றார்.

சும்மா சுற்றுவதோடு விடவில்லை. டிப்போவுக்கும் போனார். அங்கே ஓர் அதிகாரி மரியாதையாகவே பேசினார். “அம்மா, தினமும் ஆள் ஏறுற எடத்துலதான் ஸ்டாப்பிங் குடுக்க முடியும். உங்க எடத்துல கூட்டமே இல்லையே. நீங்க ஒருத்தர்தான் நிக்கறீங்க.”

“கூட்டம் வேணுமுங்களா?” என்று கேட்டாராம் அக்கா. “அதை மொதல்லயே சொல்லிருக்கலாமுங்களே.”

மறுநாள் காலை அக்காவும் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு தையல் மெஷினை ரோட்டுக்குத் தூக்கிப்போனார்கள். புளியமரத்தடியில் போட்டு, ஸ்டூல் வைத்து, மரத்து ஆணியில் கத்தரியை மாட்டினார் அக்கா. இனி காலையில் ஏழரையிலிருந்து ஒன்பதுவரை கடை இங்கேதான். அளவு கொடுப்பதும் இங்கேதான், தைத்ததை வாங்குவதும் இங்கேதான் என்று நாலு தெருவுக்கும் தகவல் போயிற்று. கல்யாண சீசன். காலனியில் பாதி ரவிக்கைகள் அக்காவிடம் கைதியாக இருந்தன. கை வைத்தது, கை வைக்காதது, கொக்கி கட்டாதது என்று எல்லாமே. பெண்களுக்கு வேறு வழி இல்லை.

முதல் நாள் ஆறு பேர் வந்தார்கள். மூன்றாம் நாள் பதினைந்து பேர். இஞ்சியும் புதினாவும் விற்கும் கூடைக்காரம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பஸ் வரும்போது அக்கா மெஷினை நிறுத்தாமலேயே தலையை மட்டும் தூக்கி, “கை காட்டுங்க” என்பார். பதினைந்து கை எழும். மீசைக்காரர் இன்னும் நேராகத்தான் பார்த்தார். ஆனால் வேகம் கொஞ்சம் குறைந்திருந்தது.

அப்பா ஒரு வாரம் இதையெல்லாம் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார். பிறகு ஒரு நாள் பட்டறைக்குப் போகும் வழியில் சைக்கிளை நிறுத்தினார்.

“ஏனம்மிணி, ரோட்டுல இப்பிடிப் பொம்பளைகளை நிக்க வெக்கலாமா? லாரி போற எடம்.”

“நாங்க நிக்கறதைப் பாத்தாத்தானுங்கண்ணா லாரிக்காரன் மெதுவாப் போவான். நீங்க ஒரு வாரமாப் பாக்கறீங்களே, முந்தின மாதிரியா போறான்?”

அப்பா ரோட்டைப் பார்த்தார். ஒரு லாரி வந்தது. பெண்கள் கூட்டத்தைக் கண்டதும் டிரைவர் வேகத்தைக் குறைத்து, ஒரு கையால் தலைமுடியைச் சரி செய்துகொண்டு போனார். அப்பா சைக்கிளை மிதித்தார்.

ஜூன் பிறக்கப் பத்து நாள்தான் இருந்தது. அக்கா தைத்து முடித்த என் யூனிபார்ம் மரக்கிளையில் தொங்கியது. அதைப் பார்க்காமல் இருக்க நான் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். அம்மா சொல்லித்தான் தெரியும்: “தெனம் தூசி தட்டி மாட்டி வெக்கறா.”

இதற்கிடையில் அக்கா ஒன்றைக் கவனித்திருந்தார். பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கவாட்டிலேயே உட்கார்ந்து அத்தனை நடை போனவர் அல்லவா. மீசைக்காரர் கியர் மாற்றும்போதெல்லாம் அவருடைய காக்கிச் சட்டையின் இடது அக்குள் தையல் வாயைப் பிளந்தது. தையல்காரிக்கு அது கண்ணில் விழுந்த தூசி மாதிரி. என்னை அழைத்து என் பழைய சிலேட்டைக் கேட்டார். பெரிய எழுத்தில் எழுதச் சொன்னார். நான் எழுதினேன்: ‘டிரைவர் அண்ணா, இடது அக்குள் தையல் விட்டிருக்கு.’

மறுநாள் பஸ் வந்தபோது கூடைக்காரம்மா சிலேட்டைத் தூக்கிப் பிடித்தார். பஸ் போனது. ஆனால் அந்தக் கழுத்து முதல் தடவையாகத் திரும்பியது. அதற்கு மறுநாளும் போனது, ஆனால் மீசைக்காரர் இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டிப் போனார். மூன்றாம் நாள் பஸ் புளியமரத்தடியில் வந்து தானாகவே நின்றது.

ஜன்னல் வழியே குனிந்து, “ரொம்ப நேரம் ஆகுமாங்க?” என்று கேட்டார் மீசைக்காரர்.

“பஸ்ஸு நின்னா ரெண்டு நிமிசமுங்க. ஓடற பஸ்ஸுல தைக்கத் தெரியாதுங்க.”

சட்டை ஜன்னல் வழியே கை மாறி வந்தது. மீசைக்காரர் பனியனோடு ஸ்டியரிங்குக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அக்கா மெஷினை மிதித்தார். ஒரு பக்கம் தைத்துவிட்டு, “அந்தப் பக்கமும் விடப் பாக்குதுங்க” என்று அதையும் எடுத்தார். காலரையும் திருப்பினார். அத்தனை நேரமும் காலனிக்காரர்கள் அவசரமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் பஸ்ஸின் பின்சீட்டிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். டிக்கெட் பரிசோதகர். வழக்கமாகக் கரட்டடியில் ஏறுபவர், அன்று ஒரு மாறுதலுக்குச் சந்தைமேட்டிலேயே ஏறியிருந்தார். பனியனோடு இருக்கும் டிரைவரைப் பார்த்தார். மரத்தடியில் ஓடும் மெஷினைப் பார்த்தார்.

“எதுக்குய்யா இங்க நின்னுது?”

மீசைக்காரர் பனியனை இழுத்து விட்டுக்கொண்டார். அக்கா மெஷினை நிறுத்தினார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் காரியம் கெட்டிருக்கும். கண்டக்டர் தம்பி முந்திக்கொண்டார்.

“ஆளு ஏறுதுங்க சார். இருபத்தி ரெண்டு பேருங்க. தெனமும் இப்பிடித்தானுங்க நிக்கறாங்க. ஏத்தாம உட்டுட்டுப் போறது பாவமா இருக்குதுங்க.”

பரிசோதகர் ஏறியவர்களையும் வரிசையில் நின்றவர்களையும் எண்ணிப் பார்த்தார். எண்ணிக்கை சரியாக இருந்தது. அதில் அக்காவின் வீட்டுக்காரரும் மில் வேலையை விட்டுவிட்டு நின்றிருந்தார். பரிசோதகர் டைரியில் ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு தன் கால்சட்டைப் பையின் ஓரத்தைத் தடவிக்கொண்டே அக்காவிடம் கேட்டார்: “ஏம்மா, இதையும் ஒரு ஓட்டு ஓட்டுவீங்களா?”

ஸ்கூல் திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் ஸ்டாப்பிங் கொடுத்துவிட்டதாக டிப்போவிலிருந்து கடிதம் வந்தது. தபால்காரர் அதை ஊர்வலமாகவே கொண்டுவந்தார். போர்டு மட்டும் வரவில்லை. அதை அப்பா செய்தார், யாரும் கேட்காமலேயே. பட்டறையில் தகரம் வெட்டி, லாரிக்கு எழுதும் பெயின்டரிடம் கொடுத்தார். பெயின்டர் தன் வழக்கப்படி நாலு மூலையிலும் தாமரை போட்டு, நடுவில் ‘காலனி ஸ்டாப்பிங்’ என்று எழுதி, கை பழக்கத்தில் கீழே ‘ஹாரன் அடிக்கவும்’ என்றும் சேர்த்துவிட்டார். மீசைக்காரர் சட்டத்தை மதிப்பவர். அன்று முதல் ஒவ்வொரு நடையிலும் நின்று ஹாரன் அடித்துவிட்டுத்தான் கிளம்பினார். காலனியில் நாற்பது வீட்டிலும் கடிகாரம் தேவைப்படவில்லை.

முதல் நாள் நான் யூனிபார்மோடு நின்றபோது அப்பாவும் வந்து நின்றார். பஸ் வந்தது. அப்பா என்னிடம் பேசாமல் அக்காவிடம் பேசினார்.

“ஏனம்மிணி, தோளு கொஞ்சம் லூசா இருக்குதே?”

“மூணு வருசம் போடோணுமில்லீங்கண்ணா” என்றார் அக்கா. “பிள்ளை வளருமுங்க.”

அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் அவ்வளவு ஒன்றும் இல்லை.

நான் படித்து, வேலைக்குப் போய், நாமக்கல்லில் குடியேறிவிட்டேன். அந்த ரோடு இப்போது நாலு வழிச்சாலை. புளியமரம் இல்லை. நடுவில் சிமென்ட் தடுப்பு, அதில் அரளிச்செடி. போன மாதம் ஒரு சாயங்காலம் அக்காவைப் பார்க்கப் போனேன். முடி முழுக்க நரைத்திருந்தது; முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். காபி கொடுத்துவிட்டு மணியைப் பார்த்தார்.

“அஞ்சரை ஆச்சு அம்மிணி. நான் ரோட்டுக்குப் போகோணும்.”

சாலையைக் கடக்க மேம்பாலம் கேட்டாராம். முடியாது என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் தினமும் காலை எட்டுக்கும் சாயங்காலம் ஐந்தரைக்கும், அந்தப் பக்கம் போகவேண்டிய எல்லோரையும் சேர்த்து, கைகோத்து, தடுப்பின் இடைவெளி வழியே ஒரே வரிசையாகக் கடக்க வைக்கிறார். லாரிகள் நின்றுதான் ஆகவேண்டியிருக்கிறது. “எத்தனை நாளைக்கு நிறுத்துவானுக? முடியாதுன்னவங்களே சலிச்சுப் போய் கட்டிக் குடுப்பாங்க” என்றார்.

ரோட்டோரத்தில் முப்பது பேர் அவருக்காகக் காத்திருந்தார்கள். அக்கா முன்னால் போய் நின்று, திரும்பி என்னைப் பார்த்து இடது கையை நீட்டினார்.

நாமக்கல் பஸ் இந்தப் பக்கமே வரும். நான் சாலையைக் கடக்கவேண்டிய அவசியமே இல்லை. அதை அவரிடம் சொல்லாமல், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.